முழுப் பேர்

படிவம் 80 என்று ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் கேட்கும் நீண்ட படிவம். அதில் ஒரு கேள்வி: வேறு ஏதாவது பெயரால் நீங்கள் அறியப்பட்டதுண்டா? மற்றவர்களுக்கு அது அரை நிமிட வேலை. 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

என் பேரை இங்கே எழுதப்போவதில்லை. விண்ணப்பம் இன்னும் அவர்கள் கையில் கிடக்கிறது, எதற்கு வம்பு. ஆனால் அந்தப் பேர் பட்ட பாட்டைச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழில் அதற்குக் கடைசி 'ன்' கிடையாது. நான் பிறந்தது 1991 நவம்பரில், இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் ஒபிசில் போய்ச் சொல்ல வேண்டும், தோட்ட மேலாளரான துரை மாவட்டப் பதிவாளருக்கு அறிவிப்பார். அப்பா வாயால் தமிழில் சொன்னதை கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் இருந்ததைப் பதிவாளர் சிங்களத்தில் எழுதினார். சிங்களத்தில் அந்த மாதிரிப் பேர்கள் 'ன்' இல்லாமல்தான் முடியும். ஆகவே அவர் கணக்கில் அவர் செய்தது திருத்தம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பெரிய வாத்தியார் 'ன்'னைத் திருப்பிக் கொடுத்தார். ஏ.எல். சான்றிதழும் பேராதனைப் பட்டமும் 'ன்'னோடு இருக்கின்றன. அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் போட்டவை, 'ன்' இல்லை. அப்பாவின் பேரோ நாலு கடதாசியில் நாலு விதம்.

இவை கடதாசிப் பேர்கள். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எனக்கு வேறு பேர்.

எங்கள் தோட்டத்தில் லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. எல்லாருக்கும் தோட்டத்தின் பேரும் டிவிசனும்தான் முகவரி. கடிதம் ஒபிசுக்கு வரும், அங்கேயே கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் எங்கள் டிவிசன் கடிதங்களை வாங்கி வருவது ஏழு வயதிலிருந்து என் வேலை. வாங்கி வந்தால் மட்டும் போதாது, வாசித்தும் காட்ட வேண்டும். வங்கிக் கடிதம், ஈ.பி.எஃப். சேமநிதிக் கடிதம், கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கிற மகள் போட்ட கடிதம். அப்படி ஒட்டிக்கொண்ட பேர் 'தபால்'. இன்றைக்கும் ஹட்டனில் பஸ் மாறி ஊருக்குப் போய் இறங்கினால், "தபாலு வந்துட்டான்" என்று முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் செய்தி எனக்கு முன்னால் போய்விடும்.

படிவத்தில் 'தபால்' என்று எழுதுவதா? எழுதவில்லை. 'ன்' உள்ளதையும் இல்லாததையும் எழுதினேன். சமாதான நீதவான் ஒருவரிடம் போய் இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து அதையும் இணைத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இந்த வாரத்துல இது மூணாவது 'ன்' தம்பி" என்றார்.

எங்கள் ஊர்த் தமிழில் பேர் என்றால் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் சம்பளமும் பேர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய், மலையில் இறங்கி, சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று அம்மாவிடம் யாராவது கேட்டால் அது தலை எண்ணுகிற கேள்வி இல்லை. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட கொழுந்து எடுக்கிறார். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ.

அதனால்தானோ என்னவோ, அவுஸ்திரேலிய விசாவின் புள்ளி முறையை அவருக்கு விளக்க உட்கார்ந்தபோது நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். 65 புள்ளி இருந்தால்தான் விருப்பத்தையே பதிவு செய்யலாம். 25 வயதிலிருந்து 32 முடியும்வரை 30 புள்ளி, 33 பிறந்துவிட்டால் 25. பட்டத்துக்கு 15. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலப் பரீட்சையில் நாலு பகுதியிலும் 7 எடுத்தால் 10, நாலிலும் 8 என்றால் 20. வெளிநாட்டு வேலை அனுபவம் மூன்று வருஷத்துக்கு 5, ஐந்துக்கு 10, எட்டுக்கு 15.

"அப்ப 65 எடுத்தா பேர் விழுந்துருமா?"

"விழாதும்மா. 65 எடுத்தா தராசுக்கிட்டப் போய் நிக்கலாம். யார்கிட்ட கூட இருக்கோ அவங்களத்தான் கூப்பிடுவாங்க."

"ஓ. ரெண்டு பொம்பளைங்க வேகமா எடுத்தா எல்லாருக்கும் கிலோவ ஏத்துற கதை."

அதேதான். எட்டு யூடியூப் காணொளி பார்த்து எனக்கு விளங்கிய விஷயம். கலியாணம் ஆகாதவனுக்கு 10 புள்ளி என்று சொன்னதும் மட்டும் முகம் மாறியது. மூன்று வருஷமாக அவர் கொண்டுவந்த ஜாதகங்களை நான் தட்டிக் கழித்ததற்குக் காரணம் இப்போதுதான் பிடிபட்டது போல, "பத்துக்காகவாடா?" என்றார். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் இன்றுவரை நம்பவில்லை.

ஏன் போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் 2022 என்று மட்டும் சொல்வேன். அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவுக்குப் போன வருஷம். சீமெந்து விலையைப் பார்த்து வேலைத்தளங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. எனக்குப் பாதிச் சம்பளம். சிவில் எஞ்சினியரான நான், கட்டி முடியாத கட்டடத்துக்குக் காவல் இருந்தேன். கதை அவ்வளவுதான், ஊரில் எல்லார் கதையும் அதுதான்.

பட்டம் தொல்லை தரவில்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடாகச் சேர்ந்ததால் அதற்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா என்கிற அமைப்பு நேராக எடுத்துக்கொள்கிறது. எனக்கு முன்னால் படித்த அண்ணன்மார் தங்கள் வேலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுத்துப் பகுதி இரண்டு முறை 6.5இல் நின்றது, மூன்றாம் முறை 7. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, காசு போனதைத் தவிர.

வேலைக் கடிதத்தில்தான் இடித்தது. 2017இலிருந்து மூன்று வருஷம் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். பிறகு வேறு ஒன்றில் மூன்று வருஷத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 10 புள்ளி. கடிதம் கம்பெனித் தாளில் இருக்க வேண்டும். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் கம்பெனி 'இவர் எம்மிடம் பணியாற்றினார்' என்று ஒன்றரை வரி தந்தது. விபரமாக வேண்டும் என்று நாலு தடவை போனேன். நாலாம் தடவை அங்கிருந்த அதிகாரி, "நாட்டை விட்டுப் போறவனுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கிட்டு இருந்தா நாங்க எப்ப வேலை செய்றது?" என்று கேட்டார். என்னிடம் சம்பளச் சீட்டும் ஈ.பி.எஃப். கணக்கும் இருந்தன, ஆனால் நான் என்ன வேலை செய்தேன் என்பதை அவை சொல்லாதே. சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் 33 வந்துவிடும். விட்டுவிட்டேன். அந்த மூன்று வருஷமும் கணக்கில் இல்லை. 5 போனது.

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "தண்ணிக்குக் கழிச்சிட்டானுங்க" என்றார்.

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் இத்தனை கிலோ கழிப்பார்கள். வெயில் நாளிலும் கழிப்பார்கள்.

கழித்ததை எங்கே ஈடுகட்டுவது என்று தேடியபோதுதான் தமிழ் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற நாட்டி என்கிற அவுஸ்திரேலிய நிறுவனம் சி.சி.எல். என்று ஒரு பரீட்சை வைக்கிறது. தமிழிலும் உண்டு. தேறினால் 5 புள்ளி. கட்டணம் அப்போது ஏறத்தாழ 800 அவுஸ்திரேலிய டொலர், வீட்டிலிருந்தே ஒன்லைனில் எழுதலாம். எழுதலாம் என்ன, பேச வேண்டும். ஆங்கிலம் பேசுகிற ஒருவரும் தமிழ் பேசுகிற ஒருவரும் உரையாடுவார்கள். ஒருவர் வைத்தியராகவோ வங்கிக்காரராகவோ இருப்பார், மற்றவர் நம் ஆள். 35 சொல்லுக்கு மேற்படாத துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் மற்ற மொழியில் சொல்ல வேண்டும். இப்படி இரண்டு உரையாடல், ஒவ்வொன்றுக்கும் 45. மொத்தம் 90இல் 63 எடுக்க வேண்டும், ஒன்றிலும் 29க்குக் கீழே போகக்கூடாது.

ஒன்லைனில் வகுப்பெடுத்தவர் முதல் நாளே கேட்டார்: "உங்க தமிழ் இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பேசினால் இந்தியாவா என்கிறார்கள், எழுதினால் இலங்கையா என்கிறார்கள். ஆஸ்பத்திரி என்பேன், வைத்தியசாலை என்று எழுதுவேன், அவர் மருத்துவமனை என்று திருத்துவார். எதுவானாலும் கடைசிவரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்.

பயிற்சி வீட்டில் நடந்தது. தங்கை ஆங்கிலக்காரி, அம்மா தமிழ் பேசுகிறவர், நான் நடுவில். அம்மா எழுதிக் கொடுத்ததைச் சொல்ல மாட்டார். 'இரண்டு மாதமாக வாடகை கட்ட முடியவில்லை' என்று தாளில் இருந்தால், "வாடகை என்னத்துக்குக் கட்டணும், கூரையே ஒழுகுது, மொதல்ல அதைச் செஞ்சு குடுக்கச் சொல்லு" என்று போவார். அதை நான் ஆங்கிலமாக்க, தங்கை வீட்டுச் சொந்தக்காரியாக நின்று பதில் தேட, மூன்று பேரும் பரீட்சையை மறந்துவிடுவோம். 'சூப்பர்அனுவேஷன்' என்ற சொல்லில் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். 'ஓய்வுகால சேமநிதி' என்று ஒரு பட்டியலில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அம்மா அது என்ன என்று கேட்டார். வேலை செய்கிறபோது முதலாளி ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கைப் போடுவார், வயதானதும் எடுக்கலாம் என்றேன். "ஈ.பி.எஃப். காசுன்னு சொல்லேன்டா." சொல்லலாமா கூடாதா என்று இன்னும் தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை.

இந்தப் பரீட்சை எனக்குப் புதிதில்லை என்பது நடுவில்தான் உறைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் சிங்களம் தெரிந்தவனுக்கு இது சின்ன வயதிலிருந்தே வேலை. பொலிசுக்கு, டி.எஸ். என்கிற பிரதேச செயலாளர் ஒபிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு யாராவது போனால், "தபால கூட்டிட்டுப் போ" என்பார்கள். பதினொரு வயதில் அப்பாயியோடு போனது ஞாபகம் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி. வைத்தியர் இளம் வயது, கோபக்காரர் இல்லை, எனக்கு விளங்குவதற்காக மெதுவாகத்தான் சிங்களம் பேசினார். இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அப்பாயி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து வேணாமாம் அப்பாயி. வீட்டுக்குப் போகலாமாம். நல்லா சாப்பிடணுமாம்" என்றேன். அவர் சந்தோஷமாக முடியை அள்ளி முடிந்தார்.

சி.சி.எல். பரீட்சையில் புள்ளி வெட்டுவதற்கான காரணங்கள்: விட்டுவிடுதல், மாற்றிச் சொல்லுதல், இல்லாததைச் சேர்த்தல். வகுப்பெடுத்தவர் அந்த மூன்றையும் திரையில் காட்டிய இரவு நான் கமராவை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பரீட்சை 2023 ஒக்டோபரில். எங்கள் காம்பராவில் எழுத முடியாது, தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஹட்டனில் ஒரு கூட்டாளியின் கொங்கிரீட் வீட்டில், அவன் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பேசி முடித்தேன். 73. அதோடு என் கணக்கு 75. ஒரு மாநிலம் பெயர் குறித்தால் பிராந்திய விசாவுக்கு இன்னும் 15. அது 491 என்ற இலக்க விசா. ஐந்து வருஷம் செல்லும். பெரிய நகரங்களுக்கு வெளியே வாழ வேண்டும், மூன்று வருஷத்துக்குப் பிறகு நிரந்தரத்துக்குக் கேட்கலாம். ஊருக்கு வெளியே, மலையும் குளிருமாக இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்.

முகவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து டவுன்களில் லைட் போஸ்ட் முழுக்க வெளிநாட்டு வேலை விளம்பரம்தான். எங்கள் டிவிசனிலேயே ஒரு பையன் அம்மாவின் நகையை விற்றுக் கொடுத்துவிட்டு, கொடுத்த ஆளின் போனை இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறான். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் பதிவு பெற்ற முகவருக்கு ஏழு இலக்கப் பதிவெண் இருக்கும். அந்த நாட்டு அரசின் பதிவேட்டில் யாரும் தட்டிப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிற ஆளிடம் தேநீர்கூடக் குடிக்காதீர்கள். முகவர் இல்லாமலும் எல்லாவற்றையும் நாமே செய்யலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

படிவம் 80 அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டது. அப்பா இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியை இறக்கினார். அடியில், பொலித்தீன் பைக்குள், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சமான எங்கள் ஆட்களிடம் கடதாசி கேட்டார்கள், பெரும்பாலானவர்களிடம் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தப்படி விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1970 ஏப்ரல் 30. அப்பாயியின் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டு, தலைமன்னாருக்குப் போகிற கோச்சியில், ரயிலில், ஏறினார். ஒப்பாரிக் கோச்சி என்பார்கள் அதை. போய் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான். தாத்தா இரண்டு பக்கமும் கைநாட்டு வைக்கவில்லை. "வேணும்னா அவங்க குடுக்கட்டும், நம்ம எதுக்குக் கேக்கணும்" என்றாராம். அதை வீட்டில் ரோஷம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்பாயி மட்டும், "சோம்பேறி, ஹட்டனுக்கு நடக்கப் பஞ்சி" என்பார்.

ஆக எங்கள் வீட்டில் ஒரு நாட்டைக் கேட்டு நானாக எழுதிப் போடுகிற முதல் ஆள் நான்.

2024 ஓகஸ்டில் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. வந்த நாளிலிருந்து 60 நாள் தவணை. விசாக் கட்டணம் மட்டும் 4,700 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல், அன்றைய விலைக்கு ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கிட்ட. அப்போது பேர் ஒன்றுக்கு 1,000 ரூபா. அம்மா விரல் மடக்கவில்லை, உடனே சொன்னார்: "தொளாயிரத்து நாப்பது பேர்." மாதத்துக்கு 25 பேர் என்று வைத்தாலும் மூன்று வருஷத்துக்கு மேலே, ஒரு நாள்கூட மழைக்கு நிற்காமல், ஒரு நாள்கூட அரைப் பேர் விழாமல். நான் சேர்த்து வைத்ததும் தங்கை கொடுத்ததும் ஒரு சீட்டும் சேர்ந்து கட்டணம் கட்டியாயிற்று. அடுத்த மாதம் சம்பளம் 1,350 ஆனது. "ஒரு மாசம் பொறுத்திருந்தா எழுநூறு பேர்ல முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தார்.

மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் கொழும்பில் இரண்டு நாள். மிச்சம் பொலிஸ் சான்றிதழ். ஒன்லைனில் விண்ணப்பித்தால் நாம் இருந்த பகுதிப் பொலிசுக்குப் போகும், அவர்கள் விசாரிப்பார்கள். நான் கொழும்பில் இருந்த ஒரு வேலை நாளில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அம்மா மலையில். முதல் காம்பராவில் இருக்கிற ஆயா மட்டும் வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்திருக்கிறார். அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, 'ன்' இல்லாமல், அப்பாவின் பேரையும் முன்னால் போட்டு என் முழுப் பேரையும் வாசித்துக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்படி ஒருத்தரும் இங்க இல்லிங்க சேர்" என்றாராம் ஆயா.

இரண்டாம் காம்பராவிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பொலிஸ்காரர்கள் வந்தால் எங்கள் லயத்தில் எவரும் எவரையும் தெரிந்துவைத்திருப்பதில்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசியில் அவர்களில் ஒருவர், கொழும்பில் எஞ்சினியர் வேலை செய்கிற பையன், வெளிநாடு போகப் போகிறவர் என்று தெரிந்த தமிழில் சொன்னதும் ஆயா கத்தியைக் கீழே வைத்தாராம். "அட, நம்ம தபாலு! மொதல்லயே சொல்லக்கூடாதா சேர்?"

அன்று பின்னேரம் அந்தப் பொலிஸ்காரர்களில் ஒருவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சிங்களத்தில், சிரித்துக்கொண்டேதான் பேசினார். எல்லாம் சரி, இரண்டு நாளில் அனுப்பிவிடுவேன், ஒரே ஒரு விஷயம் கேட்டு எழுத வேண்டும் என்றார். உங்களுக்கு வேறு பேர் ஏதும் இருக்கிறதா?

படிவம் 80ஐ அனுப்பி அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"இருக்கு சேர்" என்றேன்.